கண்ணாடியில் படிந்த தண்ணீர்

எங்கள் பக்கத்து வண்டி ஒன்றின் கண்ணாடியைப் பார்த்தாலே, அதை எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஆற்றுத் தண்ணீர் என்றால் ஓரத்தில் கொஞ்சம் சேறு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். போர் தண்ணீர் என்றால் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழுந்திருக்கும். அம்மை வார்த்து இறங்கிய முகம் மாதிரி. ஈரமாக இருக்கும்போது மறைந்துகொள்ளும். காய்ந்ததும் மறுபடி வந்து நிற்கும். துணி போட்டு எவ்வளவு தேய்த்தாலும் கை வலிக்குமே தவிரக் கறை போகாது.

பேருந்துப் பணிமனையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்பதால், கருணாபுரத்தில் என்னைத் தெரிந்தவர்கள் இதற்கு வழி கேட்டு இன்னும் வருகிறார்கள். வழி சொல்வது இரண்டு நிமிஷ வேலை. அந்தக் கறை நம் ஊருக்கு வந்த கதைதான் பெரிது. நம் வயதுக்காரர்களுக்கு அது பாதி தெரிந்த கதையும்கூட. மீதிப் பாதியை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. நாம் சிறுவர்களாக இருந்தபோது பஸ்ஸில் கண்ணாடி எங்கே இருந்தது? டிரைவருக்கு முன்னால் இரண்டு பலகையாக ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி. பக்கவாட்டில் வெறும் கம்பிதான். மேலே சுருட்டிக் கட்டிய படுதா. மழை பிடித்தால் "படுதாவ எறக்கு, எறக்கு" என்று ஒரே சத்தம். படுதா பாதியில் சிக்கிக்கொள்ளும், ஓரத்து சீட்டுக்காரர் நனைவார். பிறகு தகர ஷட்டர் வந்தது. அது விரலை நசுக்கும். நகர்த்துகிற கண்ணாடி வைத்த ஜன்னல் முதலில் தூரப் பயண வண்டிகளுக்குத்தான் வந்தது. கரூரில் பாடி கட்டி வந்த தனியார் வண்டிகளைப் பார்த்து மற்ற வண்டிகளிலும் பரவியது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் பஸ் விட்டது 1912ல். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது அவருடைய கம்பெனியே கரிவாயு கலம் செய்து வண்டிகளில் பொருத்தியது. அந்தக் காலத்திலிருந்து வெகுகாலம் வரை கிராமத்து பஸ் பயணி கண்ணாடி வழியாக வெளியே பார்த்ததே இல்லை. நேராகக் காற்றையும் புழுதியையும்தான் பார்த்தார். ஆகவே கண்ணாடியில் கறை என்ற பிரச்சினையும் டிரைவரோடு முடிந்துபோனது.

விழுப்புரத்தைத் தலைமையிடமாக வைத்துத் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் 1975ல் வந்தது. (1997ல் தலைவர்கள் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் பழைய ஆட்கள் வாயில் பழைய பெயர்தான் வரும்.) அதன் பிறகு வந்த வருஷங்களில் வண்டிகளும் பெருகின, கண்ணாடிகளும் பெருகின. கண்ணாடியின் தரமும் மாறியது. பழைய ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மின்கம்பம் நெளியும், நினைவிருக்கிறதா? உருகிய கண்ணாடியைத் தகடாக இழுத்து எடுத்த காலம் அது. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமதளமாக எடுக்கும் முறையை இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனத்தார் 1959ல் அறிவித்தார்கள். நம் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் அந்த முறையில் உற்பத்தி தொடங்கியது 2000ல். நெளிவில்லாத, பெரிய, தெளிவான கண்ணாடி வந்தது. கண்ணாடி தெளிவாக ஆக, அதில் விழுகிற பொட்டும் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது.

இனி தண்ணீருக்கு வருகிறேன்.

கல்வராயன் மலையில் பெய்கிற மழைதான் கோமுகி ஆறாக இறங்கி வருகிறது. கச்சிராயபாளையம் பக்கத்தில் 46 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கும் அணையை 1965ல் கட்டி முடித்தார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடிய நாட்களில் லாரியையும் வண்டியையும் ஆற்றுக்குள்ளேயே இறக்கிக் கழுவுவார்கள். கிளீனர் பையன் வைக்கோலைச் சுருட்டித் தேய்ப்பான். மாடு ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம். ஆற்றுக்கு அது நல்லதில்லை, எண்ணெய் மிதக்கும். ஆனால் கண்ணாடிக்கு நல்லது. மலையில் விழுந்து பாறை மேல் ஓடி வரும் புதுத் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்ள அவகாசம் குறைவு. அது காய்ந்தால் பெரிதாக ஒன்றும் மிச்சம் வைக்காது.

போர் தண்ணீர் அப்படி இல்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. நம் நிலத்தில் மண்வெட்டி போட்டால் அங்கங்கே தட்டுப்படும் சுக்கான் கல்லையும், ஆழத்தில் பாறை இடுக்கையும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. வருஷக்கணக்கில் பாறைக்குள் உட்கார்ந்த தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் ஏறிவிடுகின்றன. அந்தத் தண்ணீரை மேலே எடுத்து வெயிலில் காய விட்டால், வாயு பறந்துவிடும். கரைந்திருந்த சுண்ணாம்பு பழையபடி கல்லாகிவிடும். கண்ணாடியில் இருக்கும் பொட்டு அந்தக் கல்தான். அழுக்கு என்று நினைத்துச் சோப்புப் போடுகிறோம். கல்லை எந்தச் சோப்பு கரைக்கும்?

பாறையைத் துளைக்கும் வசதி நம் ஊர்களுக்கு எப்போது வந்தது? பீகாரில் 1966–67ல் பெரும் வறட்சி. அதையொட்டி 1967ல் யுனிசெஃப் அமைப்பு, காற்றழுத்தத்தால் கடினப் பாறையை வேகமாகத் துளைக்கும் ரிக் இயந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. துளைத்த குழிக்கு உறுதியான கைப்பம்பு வேண்டுமே, அதற்காக உருவானதுதான் இந்தியா மார்க் 2 பம்பு. மகாராஷ்டிரத்து சோலாப்பூர் பம்பு அதற்கு முன்மாதிரி. பெரிய அளவில் செய்தவர்களில் சென்னை ரிச்சர்ட்ஸன் அண்ட் க்ரூடாஸ் முக்கியமானவர்கள். தெருமுனையில் 'கிறீச் கிறீச்' என்று நாம் அடித்த அதே பம்புதான். அதன் பிறகு திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வராத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. 1990 வாக்கில் விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரமும் வந்தது. மோட்டார் ஓட ஓடத் தண்ணீர் கீழே போனது, துளை இன்னும் ஆழமாகப் போனது. நான் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்தப் போர்கள் இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேர் ஊரைவிட்டே போயிருப்போம்.

தண்ணீர் மாறியதை முதலில் கண்டுபிடித்தவர்கள் பெண்கள். "பருப்பு வேகமாட்டேங்குது", "சோப்பு நுரைக்கல", "பானையில வெள்ளை கட்டுது" என்று அவர்கள் சொன்னபோது ஆண்கள் காதில் வாங்கவில்லை. வண்டிக் கண்ணாடியில் வந்தபோதுதான் ஆம்பளைகளுக்கு அது விஷயமாகப் பட்டது!

எவ்வளவு சுண்ணாம்பு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது. 600 உள்ள தண்ணீர் என்றால் 15 லிட்டர் வாளியில் 9 கிராம் சுண்ணாம்புக் கல்லுக்குச் சமமான சரக்கு இருக்கிறது. ஒரு காரைக் கழுவ எத்தனை வாளி ஊற்றுகிறோம்? அத்தனையும் கண்ணாடியில் தங்காது, வழிந்து ஓடிவிடும். துடைக்காமல் விட்ட துளிதான் தன் பங்கை இறக்கி வைத்துவிட்டுப் போகிறது. கொதிக்கிற வெயிலில் நிற்கும் வண்டி மேல் தண்ணீர் பீய்ச்சினால், வழிய நேரமில்லாமல் அங்கேயே காய்ந்து கறை இரட்டிப்பாகும்.

பணிமனையில் இதே பொட்டுக்கு இன்னொரு அண்ணன் உண்டு. வெற்றிலை போடுகிறவர்கள் விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை எங்கே துடைப்பார்கள்? பக்கத்து ஜன்னலில்தான். கடைசி சீட்டுக் கண்ணாடி ஓரம் முழுக்க விரல் தடம். நீறிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு கல்லாகிவிடும். ஆக, போர் தண்ணீர் போட்ட பொட்டும் வெற்றிலைக்காரர் போட்ட தடமும் ஒரே சரக்கு. வண்டி கழுவும் அம்மா ஒருவர் இதற்கு வீட்டிலிருந்து புளிச்சக்கை கொண்டு வருவார். குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி தேய்த்துவிட்டுப் பழைய துணியால் துடைப்பார். பளிச். எங்கள் இன்ஜினியர் வாங்கி வைத்த எந்தப் பாட்டிலும் அந்த அம்மாவின் புளிக்கு முன்னால் நிற்கவில்லை.

புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அதைத் தனியே பிரித்தெடுக்கும் வழியை 1769ல் கண்டவர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற ஸ்வீடன் நாட்டு மருந்துக்கடைக்காரர். எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலத்தை 1784ல் பிரித்தெடுத்தவரும் அவரே. வாழ்நாளில் பெரும்பகுதி மருந்துக்கடைகளின் பின்அறையில் கழிந்த மனிதர். பிராணவாயுவை முதலில் கண்டவர்களில் ஒருவர். குளோரினும் அவர் கண்டதுதான். தான் செய்த பொருள்களை நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு என்பார்கள். 1786ல், 43 வயதில் இறந்துபோனார்.

அந்த ஷீலேதான் 1771ல் ஃப்ளூர்ஸ்பார் என்ற கல்லைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கி, வந்த ஆவி கண்ணாடிக் கலத்தையே அரித்துவிட்டதைப் பார்த்தார். அதுதான் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். கண்ணாடியின் மேலிருக்கும் கல்லைக் கரைக்கும் புளிப்பையும், கண்ணாடியையே தின்னும் அமிலத்தையும் ஒரே ஆள் ஆராய்ந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! கல்யாண மண்டபக் கதவுக் கண்ணாடியில் பூவும் மயிலும் மங்கலாக வரைந்திருப்பார்களே, அதற்கு இந்த வகை அமிலம்தான் வேலைக்கு வரும்.

இதை நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. கறை உடனே போகும் என்று சொல்லி விற்கும் சில திரவங்களில் இந்த அமிலமோ, இதன் குடும்பத்து உப்பான அம்மோனியம் பைஃப்ளூரைடோ இருக்கும். கறை போவது உண்மை. கறையோடு கண்ணாடியின் மேல்தோலும் போய்விடுகிறது. அது போனால் போகட்டும். கையில் பட்டால் என்ன ஆகும்? முதலில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும். தோலைத் தாண்டி உள்ளே இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் அமிலம் இது. ஒரு வாட்டர் சர்வீஸில் வேலை செய்த பையனை எனக்குத் தெரியும். மத்தியானம் வெறுங்கையால் கண்ணாடி துடைத்தவன், ராத்திரி நகத்துக்கடியில் உயிர் போகிற வலி என்று அழுதான். வெளியே காயம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நடிக்கிறான் என்று முதலாளி நினைத்தார். இதற்கு முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உடனே டாக்டரிடம் போய், எதைத் தொட்டோம் என்று சொல்ல வேண்டும். கால்சியம் குளுகோனேட் ஜெல் என்று தனி மருந்து இருக்கிறது. சொல்ல வேண்டுமானால் பாட்டிலில் பெயர் இருக்க வேண்டுமே! அந்தப் பையன் துடைத்தது பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த, பெயரில்லாத திரவம்.

பெயரில்லாத பாட்டில் என்றால் என்ன என்று எங்கள் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குளிர் நாடுகளில் கார் கண்ணாடியில் பீய்ச்சுவதற்கு வைக்கும் தண்ணீர் உறையாமலிருக்க அதில் மெத்தனால் கலப்பார்கள். பார்க்க வெறும் தண்ணீர் மாதிரியே இருக்கும். வாசனை சாராயத்தை ஒத்திருக்கும். அங்கே அது கண்ணாடி கழுவுகிற சரக்கு. 2024 ஜூன் மாதம் இதே மெத்தனால் கலந்த சாராயம் கருணாபுரத்தில் என்ன செய்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் போயிற்று. தெருவில் வரிசையாகப் பந்தல் போட்டிருந்ததை நினைத்தால் இன்னும் எழுத வரவில்லை. நம் வெயிலில் எந்தத் தண்ணீரும் உறையப் போவதில்லை. வைப்பர் டப்பாவில் சாதாரண நல்ல தண்ணீர் போதும். இணையத்தில் யாராவது வெளிநாட்டுக்காரர் வழி சொன்னார் என்று மெத்தனால் தேடிப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

கழிவறை ஆசிட்டும் வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பொட்டைக் கரைத்துவிடும். கூடவே அலுமினிய பிரேமையும் அரித்துவிடும். அதோடு யாராவது ப்ளீச்சிங் பவுடரைக் கலந்துவிட்டால் கிளம்புவது ஷீலேயின் அதே குளோரின் வாயு.

என் வழி இவ்வளவுதான். நிழலில், கண்ணாடி ஆறிய பிறகு, முதலில் மண் போகத் தண்ணீர் விடுங்கள். சமையல் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்துக் கண்ணாடி மேல் ஐந்து பத்து நிமிஷம் ஒட்டப் போடுங்கள். எலுமிச்சைச் சாறும் ஆகும், கரைத்து வடிகட்டிய புளித்தண்ணீரும் ஆகும். பெயிண்டில் வழிந்தால் உடனே கழுவிவிடுங்கள். பிறகு துடைத்து, அலசி, ஈரம் இல்லாமல் காய்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். பழைய பொட்டுக்கு இரண்டு மூன்று முறை வேண்டியிருக்கும்.

அப்படியும் போகாமல், நகத்தால் தடவினால் சின்னக் குழி மாதிரி தெரிந்தால், அது வேறு கதை. மாதக்கணக்கில் விட்ட கறைக்கடியில் ஈரம் நின்று நின்று, கண்ணாடியிலுள்ள சோடா வெளியேறி, மேற்பரப்பே அரிபட்டிருக்கும். அங்கே கரைப்பதற்கு ஒன்றுமில்லை. மெருகு ஏற்ற வேண்டும். அதற்கு வழக்கமாகப் பயன்படுவது சீரியம் ஆக்சைடு என்ற பொடி. மூக்குக் கண்ணாடி வில்லைகளுக்கு மெருகு போடுவதும் இதில்தான். இந்தச் சீரியம் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கிறது! 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், கயிற்றுக்காகப் போன தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அப்போது அவர்களுக்கு வேண்டியிருந்தது கேஸ் விளக்கின் மேண்டிலுக்கான தோரியம். அந்த மேண்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. திருவிழாவில் நம் தலைக்கு மேல் புஸ்ஸென்று எரிந்த பெட்ரோமாக்ஸ் வெள்ளை வெளிச்சத்துக்கு அந்த ஒரு பங்குதான் காரணம். சிகரெட் லைட்டர் கல்லிலும் சீரியம் உண்டு. நாம் அதைப் பெயர் தெரியாமலே வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தியிருக்கிறோம்.

மெருகு போடுவது பக்கவாட்டுக் கண்ணாடிக்குச் சரி. முன் கண்ணாடியில் டிரைவர் பார்க்கிற இடத்தில் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் லேசாகக் குழிந்து, எதிரே வருவது நெளியும். அங்கே கண்ணாடியை மாற்றிவிடுவது நல்லது. செலவுக்குப் பார்க்கக் கூடாத இடம் அது.

பகலில் இந்தப் பொட்டுகள் ஒன்றும் செய்யாது. சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் ராத்திரி எதிரே லாரி வெளிச்சம் அடிக்கும்போதுதான் ஒவ்வொரு பொட்டும் ஒரு விளக்காக மாறும். இன்டிலி பக்கம் அல்லது தியாகதுருகம் தாண்டி இருட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். சாலையைக் கடக்கிற ஆள் அந்த வெளிச்சப் புள்ளிகளுக்குள் காணாமல் போய்விடுவார். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள், முன்னும் பின்னும் உள்ள கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 சதவீதமும், பக்கவாட்டில் 50 சதவீதமும் வெளிச்சம் புக வேண்டும் என்கின்றன. கறுப்பு ஸ்டிக்கரைப் பிடித்து அபராதம் போடுகிறார்கள், சரி. வெள்ளைப் பொட்டை யாரும் கண்டுகொள்வதில்லை.

வைப்பர் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி, நியூயார்க் டிராம் வண்டியில் பனிமழை நாளில் டிரைவர் கண்ணாடியைத் திறந்துகொண்டு ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, 1903ல் வைப்பருக்குக் காப்புரிமை வாங்கினார். அன்றைக்கு வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஒரு காசு அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் செய்தது பனிக்கும் மழைக்கும். காய்ந்த சுண்ணாம்பும் புழுதியும் மேல் அதே ரப்பரை ஓட்டினால் அரைவட்டமாகக் கீறல் விழும். அந்தக் கீறலுக்கு வினிகர் கிடையாது. வைப்பர் வேலை செய்யாத வண்டியில் எங்கள் டிரைவர்கள் புகையிலையைக் கசக்கிக் கண்ணாடியில் தேய்ப்பார்கள். மழைத் துளி உருண்டு நிற்காமல் தகடாக வழிந்துவிடும். பத்து கிலோமீட்டர் தாங்கும். பிறகு இறங்கி மறுபடி தேய்க்க வேண்டும்.

பேட்டரிக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கண்ணாடியின் கடைசி அலசலுக்கும் அதே தண்ணீர்தான். ஏ.சி. பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது. பக்கெட் வைத்தால் ஒரு ராத்திரியில் போதுமான அளவு சேரும். குடிக்கக் கூடாது, கண்ணாடிக்குப் போதும். மழைத் தண்ணீர் அதைவிட நல்லது. 2003ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று வந்தபோது எல்லோரும் ஒரு குழாயைத் திருப்பி விட்டோம். எங்கள் வீட்டுக் குழாயில் இடையில் ஒரு பித்தளை டேப் வைத்திருக்கிறேன். ஐப்பசியில் முதல் இரண்டு மழையை ஓட விட்டுவிட்டு, மூன்றாவது மழையில் இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்தால், என் ஸ்கூட்டர் கண்ணாடிக்கும் மகனுடைய கார் கண்ணாடிக்கும் தை மாதம் வரை வருகிறது. போன வாரம் பருப்பு வேகவைக்க வீட்டில் அதிலிருந்து ஒரு சொம்பு எடுத்திருக்கிறார்கள். அரை மணியில் வெந்துவிட்டதாம்.